போர்டிலும் நான், போனிலும் நான்

போன செவ்வாய்க்கிழமை மெயின் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை.

தடை என்றால் குற்றாலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அருவிக்கரையில் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருப்பார். துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்தவர்கள் தலை நனையாமலே திரும்பிப் போவார்கள். சாரல் மட்டும் தடையைப் பற்றிக் கவலைப்படாமல் தூவிக்கொண்டிருக்கும். ஐந்தருவி சாலையில் இருக்கும் எங்கள் பழக்கடைகளுக்கு ஈ கூட வராது... தப்பு, ஈ வரும். ஆள்தான் வராது.

எனக்குத் தடை நாள் என்பது எழுதும் நாள். ரம்புட்டான் கூடைக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு போனில் கலைக்களஞ்சியத்தைத் திறந்துவிடுவேன்.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் இருக்கிறது. யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். சம்பளம் கிடையாது. அதில் நானும் ஒரு பங்களிப்பாளன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போதாததற்குக் கூச்ச சுபாவம். கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்வதற்கே என் மனைவி பேச்சியம்மாள்தான் வேண்டும். ஆனால் முகம் தெரியாத இடம் என்றால்? அங்கே எனக்கு வாய் நீளம். அங்கே என் பெயர் ‘சாரல்’.

சில வாரங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் நடுநிலையைப் பற்றி நான் அளந்து விட்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? ‘எழுதும்போது நான் வியாபாரி இல்லை, தென்காசிக்காரன் இல்லை, யாருமே இல்லை’ என்றெல்லாம் எழுதியிருந்தேன். எத்தனை பாராட்டுக் கடிதங்கள்! ஒரு தமிழாசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தார்.

அந்த ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரத்தையும் வாசித்துக் காட்டிவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ராயகிரிக்காரர்கள். மாமியாரும் மருமகளும். ஒவ்வொரு சீசனுக்கும் துரியன் பழம் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். மாமியாருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. மருமகள் செல்வி அவருக்கு நேர் எதிர். என் ஜாதி, பேசமாட்டாள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

துரியன் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பீர்கள். பலாப்பழத்தின் சின்னத் தம்பி மாதிரி இருக்கும், மேலெல்லாம் முள். வாடை ஒரு தெருவையே காலி பண்ணும். ஆனால் குற்றாலத்தில் அதன் விலை வேறு எந்தப் பழத்துக்கும் கிடையாது. காரணம், அதைத் தின்றால் பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்ற பேச்சு. அருவியில் குளித்துவிட்டு, ஈரம் காயுமுன் தின்றால்தான் பலிக்கும் என்று ஒரு நிபந்தனை வேறு. அதைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. எங்களை மாதிரி ஒரு கடைக்காரராகத்தான் இருக்கும்.

எங்கள் கடை முன்னால் பச்சைப் பெயின்டில் பெரிய போர்டு தொங்கும். ‘குழந்தை பாக்கியம் தரும் துரியன் பழம்.’

“போன வருசம் குடுத்த பழம் வெறும் கொட்டையால்லா இருந்து” என்று ஆச்சி ஆரம்பித்தார். “இந்த மட்டம் நல்ல சொளை உள்ளதாப் பாத்துக் குடு.”

“எங்க கடைப் பழத்தைக் கொறை சொன்ன மொத ஆளு நீங்கதான் ஆச்சி” என்றாள் பேச்சியம்மாள்.

“கொறை சொல்லாம வாங்கினா நீ வெலயக் கொறைப்பியாட்டி?”

பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டே போர்டைக் காட்டினாள். “அதைப் பாருங்க. வெலயப் பாக்காதீங்க.”

“போ அங்கிட்டு. உம் போர்டை நம்பியா நான் ராயகிரியில இருந்து பஸ் ஏறி வாரேன்? யாவாரி போர்டுல என்ன வேணாலும் எழுதுவான். அவனுக்குப் பழம் விக்கணும்லா?”

மஞ்சள் பைக்குள் கையை விட்டு, நனையாமல் இருக்கப் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தார்.

“இங்கன பாரு. இது யாவாரி எழுதினது கெடையாது. படிச்ச ஆளுவ, பொதுவான ஆளுவ, ஒத்தப் பைசா வாங்காம எழுதுதாவளாம். பக்கத்து வீட்டு காலேஜ் பிள்ளைதான் எடுத்துக் குடுத்தா. நான் இதை நம்பித்தான் வாரேன். ஏட்டி செல்வி, வாசிச்சுக் காட்டு.”

செல்வி போனை வாங்கி, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். “இப்பழத்தை உண்பவர்களுக்குக் குழந்தைப்பேறு வாய்க்கும். குற்றாலத்தில் அருவியில் நீராடிய பின் இதை உண்பது மரபு.”

என் வரிகள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் எனக்கு வெட்கம் வரவில்லை. பெருமைதான் வந்தது. ஐந்தாம் வகுப்புக்காரன் எழுதிய வாக்கியத்தை அவன் கடையில், அவன் முன்னாலேயே ஒருத்தர் வாசித்துக் காட்டுகிறார்... யாருக்குக் கிடைக்கும்?

செல்வி வாசிப்பதை நிறுத்தினாள். “இதைத்தான் அத்தை உங்க மவன் மாத்தி மாத்திப் போட்டாவ. ஒருத்தன் அழிச்சு அழிச்சு வச்சான். கடைசில அவ்வொ அக்கவுன்ட்டையே முடக்கிப் போட்டானுவ.”

“தப்பா எழுதினா முடக்கத்தான செய்வான்? பட்டாளத்துல துப்பாக்கி பிடிக்கவனுக்குப் பழத்தைப் பத்தி என்ன தெரியும்?”

“சாரல்னு ஒருத்தனாம்” என்றாள் செல்வி. “வெளங்காத பய.”

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ரம்புட்டானைப் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். துரியன் கட்டுரையில் அந்த வரிகளை நான் எழுதி வெகுநாள் ஆகிறது. இந்த சீசன் தொடங்கும்போது ‘வரப்பு’ என்ற பெயரில் ஒருவர் வந்தார். புது ஆள். என் வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினார்: ‘இது நம்பிக்கை மட்டுமே. மருத்துவச் சான்று இல்லை. பிள்ளை இல்லாதவர்கள் கணவனும் மனைவியுமாக மருத்துவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.’

முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் மூன்றாவது வாக்கியத்தில் அவர் மாட்டிக்கொண்டார். கலைக்களஞ்சியம் புத்திமதி சொல்லக் கூடாது – அது விதி. நான் என்ன செய்திருக்க வேண்டும்? மூன்றாவதை மட்டும் எடுத்திருக்க வேண்டும். மூன்றையும் எடுத்தேன். ‘அறிவுரை தவிர்க்கவும்’ என்று ஒரு குறிப்புப் போட்டு, என் பழைய வரியை மறுபடி கொண்டுவந்து வைத்தேன்.

அவர் மாற்றினார். நான் மாற்றினேன். அவர் மறுபடி மாற்றினார். இதற்கு எங்கள் வட்டாரத்தில் தொகுப்புப் போர் என்று பெயர். ஒரு நாளைக்கு இத்தனை முறைக்கு மேல் ஒருவர் அடுத்தவர் எழுதியதைத் தூக்கக் கூடாது என்று கணக்கு உண்டு. புது ஆளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நான் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, அவர் தாண்டட்டும் என்று காத்திருந்தேன். தாண்டினார். உடனே புகார் கொடுத்தேன். நிர்வாகி ஒருவர் அவருடைய கணக்கை ஒரு வாரத்துக்கு முடக்கினார்.

விதியை ஒரு எழுத்துக்கூட மீறாமல் ஒரு மனுஷனின் வாயைக் கட்டினேன். நடுநிலை, பார்த்தீர்களா?

முடக்கப்படுவதற்கு முன்னால் அவர், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று இருக்கும் உரையாடல் பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘ஐயா, இதை நம்பிக்கொண்டு ஒரு வீட்டில் வைத்தியம் பார்க்காமல் இருக்கிறார்கள்.’ அதற்கு நான் எழுதிய பதில் இன்னும் அங்கேயே இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்: ‘தனிப்பட்ட அனுபவம் சான்றாகாது. முதலில் விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்.’

சரி, என் வரிக்கு நான் கொடுத்திருந்த சான்று என்ன தெரியுமா? ஒரு வாரப் பத்திரிகையின் சுற்றுலாக் கட்டுரை. ‘துரியன் தின்று பிள்ளை பெற்றவர்கள் ஏராளம் என்கிறார் ஐந்தருவி சாலைப் பழ வியாபாரி ஒருவர்’ என்று அதில் ஒரு வரி. அந்த வியாபாரி நான்தான். பேச்சியம்மாள் அன்றைக்குக் கடையில் இல்லை. நிருபர் கேட்ட கேள்விக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் போர்டில் இருந்ததைச் சொன்னேன். நான் சொன்னதை அவர் எழுதினார். அவர் எழுதியதை நான் சான்றாகக் கொடுத்தேன். மருந்துக்குக்கூட வேறு ஒரு சாட்சி நடுவில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கை கூசுகிறது. முடக்கிய அந்த நிர்வாகி – ‘பவளமல்லி’ என்ற பெயரில் எழுதுகிற அம்மா – என்னிடம் நேராகவே கேட்டிருந்தார்: ‘சாரல், இந்தப் பழத்தோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?’

‘நான் குற்றாலம் பக்கத்துக்காரன்’ என்று பதில் போட்டேன்.

பொய்யா? இல்லை. அதனால்தான் இன்றைக்கு இத்தனை கேவலமாக இருக்கிறது. பொய் சொன்னவன் மாட்டிக்கொண்டால் திட்டு வாங்கித் தீர்த்துவிடலாம். நான் பொய் சொல்லாமல் ஏமாற்றினவன்.

கடைக்கு வருவோம். என் மனசு இப்படி ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டிருந்தது.

“அவ்வொ வெள்ளிக்கெழமை லீவுல வாராவ அத்தை. திங்கக்கெழமை திருநெல்வேலி டாக்டரம்மா ரெண்டு பேரையும் சேந்து வரச் சொல்லிருக்காவ. இந்த லீவு போச்சுன்னா அப்புறம் எப்பம் கெடைக்குமோ.”

“மொதல்ல பழம். அது பலிக்கலன்னா டாக்டரு.”

“எல்லா சீசனுக்கும் இதைத்தான சொல்லுதீங்க.”

“ஒனக்குத்தான் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சே! எம் மவனுக்கு எதுக்குட்டி டெஸ்ட்டு? அவனுக்கு என்ன கொறை? பட்டாளத்துல நெஞ்சளவு, உசரம் எல்லாம் அளந்து பாத்துட்டுல்லா எடுத்தான்?”

அதற்குச் செல்வியால் என்ன சொல்ல முடியும்? அளந்தது உண்மைதானே.

வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியவன் நான். ‘ஆச்சி, அதை எழுதினது நான்தான், அதுக்கு ஆதாரம் கெடையாது.’ ஆனால் செல்வியின் கையில் போன், வெளிச்சத்தில் என் வரி. பக்கத்துக் கடைக்காரர் வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து நல்ல பழமாகப் பொறுக்க ஆரம்பித்தேன்.

குளிக்கத் தடை என்பதால் அன்றைக்கு வெட்ட வேண்டாம் என்றார் ஆச்சி. “எடுத்து வை. தடை போனதும் வாரோம். குளிச்சிட்டுத் தின்னாத்தான பலிக்கும்? அதுலயே போட்டிருக்கே.”

போட்டிருக்கிறது. நான் போட்டதுதான்.

அவர்கள் போன பிறகு பேச்சியம்மாள் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “நீங்க எழுதினதுதான அது?”

“ஆமா.”

“போர்டு எல்லாக் கடையிலயும் கெடக்கு. அதை யாரு நம்பப் போறா? அந்த ஆச்சியே நம்பலையே.” தராசைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “போர்டுக்கு இருக்க யோக்கியம்கூட நீங்க எழுதினதுக்கு இல்லாமப் போச்சே. போர்டாவது கடை வாசல்ல தொங்குது” என்றாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். துரியன் கட்டுரையைத் தொடவில்லை. தொட எனக்கு உரிமை இல்லை என்றுதான் பட்டது. உரையாடல் பக்கத்துக்குப் போய் எழுதினேன்: ‘நான் குற்றாலத்தில் இந்தப் பழத்தை விற்கிறவன். சான்றாகக் கொடுத்த கட்டுரையில் வரும் வியாபாரியும் நான்தான். பவளமல்லி அம்மா கேட்டபோது மறைத்தேன். வரப்பு எழுதிய முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. வேறு யாராவது கட்டுரையைத் திருத்துங்கள். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.’

எத்தனையோ பெரிய பெரிய கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். இந்தச் சின்னப் பத்தியைத்தான் அழித்து அழித்து எழுதினேன்.

பதில்கள் வந்தன. ‘சொன்னதற்கு நன்றி. கேட்டபோதே சொல்லியிருக்கலாம்’ என்று பவளமல்லி எழுதினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை. இன்னொரு பங்களிப்பாளர் என் பழைய எழுத்தையெல்லாம் கிளறிவிட்டு வந்து கேட்டார்: ‘மங்குஸ்தான் கட்டுரையில் “தேனினும் இனிய” என்று எழுதியவரும் தாங்கள்தானா?’

ஆமாம் ஐயா. அதுவும் நான்தான். அதையும் விற்கிறேன்.

மற்றவர்கள் எழுதுவதைக் கண்காணிக்கிற பொறுப்பு ஒன்று எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாலைக்குள் கட்டுரை மாறிவிட்டது. ‘இப்பழம் குழந்தைப்பேறு தரும் என்ற நம்பிக்கை குற்றாலப் பகுதியில் உண்டு. இதற்கு மருத்துவச் சான்று இல்லை.’ எவ்வளவு சுலபமான வாக்கியம்! இதை எழுதவிடாமலா நான் அத்தனை விதிகளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன்?

வரப்பு மட்டும் பதில் எழுதவில்லை. ரயிலில் வந்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆச்சிக்கு எடுத்து வைத்த பழம் கடையிலேயே இருந்தது. துரியன் பழுக்கப் பழுக்க வாடை ஏறும். மறுநாள் தராசு வரைக்கும் வந்தது. அதற்கடுத்த நாள் என் ஸ்டூல் வரைக்கும் வந்துவிட்டது. அதை வேறு யாருக்காவது விற்றுத் தொலைக்கலாம் என்றாலும் மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் தடையை நீக்கினார்கள். ஈரத் தலையோடு மூன்று பேர் வந்தார்கள். ஆச்சி, செல்வி, அவர்களோடு முடியை ஒட்ட வெட்டிய ஒரு உயரமான ஆள். நெஞ்சளவு, உயரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“எடு தம்பி பழத்தை” என்றார் ஆச்சி. “எம் மவன் முத்து. இவன் ஒரு பக்கம், நாங்க போனதுக்கப்புறம் போன்ல எவனோ மாத்திட்டானுவங்கான். நேத்துல இருந்து அதே பேச்சு.”

அந்த ஆள் போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பேச்சியம்மாள் கத்தியை எடுத்தாள். வெட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆச்சி” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “ஆச்சி... அதை மொதல்ல எழுதினது நான்தான்.”

“எதை?”

“போன்ல இருந்ததை. பழம் தின்னா பிள்ளை பொறக்கும்னு. அதுக்கு ஆதாரம் கெடையாது. நானா எழுதினேன். உங்க மவன் எழுதினதை அழிச்சதும் நான்தான். அந்தச் சாரல்... நான்தான்.”

செல்வி சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளங்காத பய என்று சொன்னது ஞாபகம் வந்திருக்கும்.

ஆச்சிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. போர்டைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“அப்பம்... போர்டுலயும் நீ, போன்லயும் நீயா?”

“ஆமா ஆச்சி.”

“ஒன்னய நம்பக் கூடாதுன்னுல்லா நான் போனைப் பாத்தேன்! ஒரு கடைக்காரன் ஏமாத்துதான்னு அடுத்த கடைக்குப் போனா, அங்கனயும் அவனே உக்காந்திருந்தா மனுசி எங்கனலே போவா?”

லே என்றுவிட்டார். ஐம்பது வயசில், நடுத்தெருவில். வாங்கிக்கொண்டேன். அது எனக்கு உரியதுதான்.

“என்ன அண்ணாச்சி, வெள்ளனமே பஞ்சாயத்து?” என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பேச்சியம்மாள் பார்த்த பார்வையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்தப் பட்டாளத்துக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார். “நீங்களா சாரல்?” கோபமே இல்லை. ஏமாற்றம் மாதிரிதான் இருந்தது. “ரிட்டையர்டு புரொபசர்னு நெனச்சிருந்தேன் அண்ணாச்சி. விதியைப் படிச்சிட்டு வான்னு எழுதினீங்கள்லா? டூட்டி முடிஞ்சு கேம்ப்ல உக்காந்து அத்தனையும் படிச்சேன். எங்கம்மாவுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கதுன்னு எந்த விதியிலயும் இல்ல.”

அத்தனை விதிகளையும் படித்தவன் நான். இல்லைதான்.

ஆச்சி மகனை ஏற இறங்கப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “டெஸ்ட்டு எடுத்து, ஒனக்குத்தான் கொறைன்னு எழுதிக் குடுத்துட்டாவன்னா?”

“இருந்தா இருக்கட்டும்மா. மருந்து குடுப்பாவ.”

“ஊர்ல...”

“ஊர்ல இத்தனை வருசமா இவளைச் சொல்லலையா? இவ கேட்டுட்டுத்தான இருந்தா?”

அருவிச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. ஆச்சி பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். “மொதல்ல அந்தப் போர்டை எறக்கு.”

ஸ்டூலை வாசலில் போட்டு ஏறினேன். சீசன் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. எல்லாக் கடை போர்டுகளும் தொங்க, நான் மட்டும் ஏறி நின்று கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மழையில் துருப்பிடித்த கம்பி, சீக்கிரம் வரவில்லை. கூச்சப்பட்டே வளர்ந்தவனுக்கு இதைவிட நல்ல தண்டனையை எந்த நிர்வாகியும் கொடுத்திருக்க முடியாது.

“பழத்தை வெட்டுங்கக்கா” என்றார் முத்து. “பசிக்கு.”

பேச்சியம்மாள் வெட்டி, மூன்று பேருக்கும் சுளையை நீட்டினாள். செல்வி கையை நீட்டவில்லை.

“எனக்கு வேண்டாம். எனக்கு இந்த வாடையே பிடிக்காது. எல்லா வருசமும் மூச்சைப் பிடிச்சிட்டுத்தான் முழுங்கினேன்.”

“சொல்லலையேட்டி?” என்றார் ஆச்சி.

“கேக்கலையே அத்தை.”

பேச்சியம்மாள் ஒரு கை நிறைய ரம்புட்டானை அள்ளி அவள் மடியில் போட்டாள். அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை. துரியனுக்கும் நான் வாங்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆச்சி விடவில்லை. “ஓசியில தின்னுட்டு ஒனக்குப் புண்ணியம் சேக்கவா?” என்று காசைத் தராசில் வைத்துவிட்டுப் போனார்.

தெருவில் இறங்கும்போது அவர் குரல் கேட்டது. “ஏட்டி, திங்கக்கெழமை திருநெல்வேலிக்கு நேரா பஸ்ஸு உண்டா, சங்கரன்கோயில்ல எறங்கி மாறணுமா? வெள்ளனமே சோறு கட்டிருவோம். அங்கன ஓட்டல்ல வாய்ல வைக்க வெளங்காது.”

இதை எழுதும்போது ஞாயிற்றுக்கிழமை. டாக்டரம்மா நாளைக்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று ஒரு வரி எழுதக் கை வருகிறது. எழுதமாட்டேன். நல்ல மனசோடுதான் என்றாலும் அதுவும் ஆதாரம் இல்லாத வாக்கியம்தான். அப்படி ஒன்றை எழுதியதால்தான் அவர்கள் லீவும் வருஷமும் போனது.

விதிகள் தெரிந்துவிட்டால் நடுநிலை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். விதி நன்றாகத் தெரிந்தவனுக்குத்தான் ஏமாற்ற வழியும் நன்றாகத் தெரியும். ‘நான் நடுவில் நிற்கிறேன்’ என்று யாராவது சொன்னால் இனிமேல் நான் ஒன்றுதான் பார்க்கப் போகிறேன் – அவர் கடை எங்கே இருக்கிறது?

இறக்கிய போர்டைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பச்சைப் பெயின்ட் மிச்சம் இருந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு ‘துரியன் பழம்’ என்று மட்டும் எழுதி மாட்டியிருக்கிறேன்.

வியாபாரம் பாதிதான். ஆனால் இதுவரைக்கும் யாரும் அதற்கு ஆதாரம் கேட்கவில்லை.